கடலை நேசித்த கார்சன் அம்மையார்

நம் பாட்டி தாத்தாமார்களைக் கேட்டால் சொல்வார்கள். 1953 ஆம் ஆண்டு நம் நாட்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், கையில் பம்புடன் ஆட்கள் வீடு வீடாக வந்து சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளித்துவிட்டுப் போவார்களாம். சுவரில் வெள்ளைத் திட்டுத் திட்டாக அது படிந்திருக்குமாம். அம்மருந்தின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939 இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து நாட்டு பால் முல்லர் என்பவருக்கு 1948 இல் நோபல் பரிசே கிடைத்தது. உலகமே வரவேற்ற அந்த மருந்தைப் பற்றித் துணிந்து கேள்வி கேட்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

ரேச்சல் கார்சன் 1907 ஆம் ஆண்டு மே மாதம் 27 ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி. தாயார் மரியா திருமணத்திற்கு முன் ஆசிரியையாக இருந்தவர். மகளைத் தோட்டத்திற்கும் காட்டிற்கும் அழைத்துச் சென்று பறவைகளையும் பூச்சிகளையும் பெயர் சொல்லிக் காட்டினார். பதினொரு வயதிலேயே ரேச்சலின் கதை ஒன்று சிறுவர் இதழில் அச்சாயிற்று. எழுத்தாளர் ஆவதே தம் வழி என்று அச்சிறுமி முடிவு செய்துகொண்டாள்.

குடும்பத்தில் வசதி குறைவு. கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாயார் பியானோ கற்றுக்கொடுத்தார். கோழிகளையும் ஆப்பிள்களையும் விற்றார். வீட்டிலிருந்த நல்ல பீங்கான் பாத்திரங்களையும் விற்றார். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த ரேச்சல், மேரி ஸ்கிங்கர் என்ற பேராசிரியையின் உயிரியல் வகுப்பில் அமர்ந்தபின் 1928 இல் பாடத்தையே மாற்றிக்கொண்டார். ஒரு நல்ல ஆசிரியை எவ்வளவு செய்ய முடியும், பாருங்கள்! மறு ஆண்டு பட்டம் பெற்று, கோடையில் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்திற்குச் சென்றார். சிறு வயது முதல் கடலைப் பற்றியே கனவு கண்ட அவர், கடலை முதன்முதல் கண்ணால் கண்டது அப்போதுதான்.

1932 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். டாக்டர் பட்டம் வரை செல்லக் குடும்ப நிலை இடம் தரவில்லை. 1935 இல் தந்தை காலமானார். 1936 இல் அரசுத் தேர்வில் முதலிடம் பெற்று மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அக்காள் இறந்தபோது, அவருடைய இரு பெண் குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பு இவரிடமும் தாயாரிடமும் வந்து சேர்ந்தது. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. 1941 இல் வெளிவந்த முதல் நூல் போர்க்கால அமளியில் விலை போகவில்லை. பத்தாண்டு கழித்து 1951 இல் வந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் நூலோ 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. அவர் வேலையை விட்டுவிட்டு, மெயின் மாநிலக் கடற்கரையில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டார்.

இனிக் கவலையின்றிக் கடலைப் பற்றியே எழுதிக் கொண்டிருக்கலாம். ஆனால் 1957 இல் அக்காள் மகளும் இறந்துபோக, அவள் விட்டுச் சென்ற ஐந்து வயதுச் சிறுவனைத் தம் மகனாகத் தத்தெடுத்தார். 1958 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து தோழி ஒருவர் எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்தது. கொசு ஒழிப்பிற்காக விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தபின், தம் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததை அதில் அவர் எழுதியிருந்தார். கார்சன் 1945 இலேயே டி.டி.டி. பற்றி எழுத விரும்பி, ஒரு பத்திரிகைக்குத் தெரிவித்து, வேண்டாம் என்று திருப்பியனுப்பப்பட்டவர். இம்முறை அவர் விடவில்லை.

அவர் திரட்டிய செய்திகளில் இரண்டை மட்டும் இங்கே விரிவாகக் கூறுவோம்.

கலிபோர்னியாவில் கிளியர் ஏரி என்று ஓர் ஏரி. அங்கே கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சியின் தொல்லை. அதை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் உறவான டி.டி.டி. போன்றே அமைந்த டி.டி.டீ. என்னும் மருந்தை ஏரியில் கலந்தார்கள். அளவு மிகக் குறைவு. ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. ஆனால் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அது பத்து லட்சத்திற்கு 5 பங்காயிற்று. அவற்றைத் தின்ற மீன்களில் இன்னும் பெருகியது. மீன்களைத் தின்ற முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் 1600 பங்கு இருந்தது. நீரில் கலந்ததைப் போல் எண்பதாயிரம் மடங்கு! ஆயிரம் இணைகளுக்கு மேல் வாழ்ந்த அந்த ஏரியில் 1960 இல் ஏறக்குறைய முப்பது இணைகளே எஞ்சின. வேடிக்கை என்னவென்றால், நீரைச் சோதித்தபோது அதில் மருந்தே இல்லை. நஞ்சு நீரை விட்டு உயிர்களுக்குள் குடிபுகுந்துவிட்டது.

மற்றது கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு அருகில் நடந்தது. உலகப் போரின்போது அங்கு ராணுவம் நச்சு வாயு தயாரித்தது. பின்னர் அதே இடத்தில் ஒரு தனியார் நிறுவனம் பூச்சி மருந்து தயாரித்தது. கழிவு நீரைத் திறந்த குளங்களில் விட்டார்கள். சில ஆண்டுகள் சென்றபின், மைல்கணக்கில் தள்ளியிருந்த பண்ணைகளில் கிணற்று நீர் பாய்ந்த பயிர்கள் கருகின, கால்நடைகள் நோயுற்றன. குளத்து நஞ்சு நிலத்தடியில் மூன்று மைல் நகர்ந்து வர ஏழெட்டு ஆண்டுகள் பிடித்திருந்தன. அதைவிட வியப்பு ஒன்று உண்டு. 2,4-டி என்னும் களைக்கொல்லி அக்கிணறுகளில் காணப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் அதை யாரும் தயாரித்ததே இல்லை! குளத்தில் ஒன்றுசேர்ந்த வெவ்வேறு கழிவுகள், காற்றும் நீரும் வெயிலும் துணைசெய்ய, தாமாகவே கூடி அதை உண்டாக்கிவிட்டன என்று வேதியியலார் முடிவுக்கு வந்தனர்.

தனித்தனியே சோதித்து, இவ்வளவு வரை கெடுதல் இல்லை என்று அரசு அளவு குறித்துவிடுகிறது. ஆனால் நம் தட்டில் கீரையில் ஒன்றும், தக்காளியில் வேறொன்றும், குடிநீரில் இன்னொன்றும் சேர்ந்தே வருகின்றனவே! 1957 இல் மாலத்தியானையும் ஈ.பி.என். என்ற மருந்தையும் சேர்த்துச் சோதித்த விஞ்ஞானிகள், இரண்டின் நஞ்சையும் கூட்டினால் வரும் அளவைவிட ஐம்பது மடங்கு வரை கடுமையைக் கண்டனர். மாலத்தியானை முறித்துவிடும் நொதி நம் கல்லீரலில் இருக்கிறது. மற்ற மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. காவற்காரனை ஒருவன் கட்டிப்போட, மற்றவன் வீட்டினுள் நுழைவதைப் போன்றதுதான். கூட்டல் கணக்கு இங்கே செல்லாது என்பதைக் கார்சன் பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் எழுதினார்.

எழுதிய ஆண்டுகள் அவருக்குச் சோதனைக் காலமாயின. 1958 டிசம்பரில் தாயார் மறைந்தார். 1960 இல் அவருக்கே மார்புப் புற்றுநோய் கண்டு அறுவை சிகிச்சை நடந்தது. உண்மை நிலையை மருத்துவர் முதலில் அவரிடம் சொல்லவில்லை. மூட்டு வலி, கண் நோய், கதிர்வீச்சுச் சிகிச்சையின் அயர்ச்சி எல்லாவற்றினூடேயும் எழுதினார். நோயைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தால், நோயாளியின் மனக்கசப்பு என்று நூலைத் தள்ளிவிடுவார்கள் என அஞ்சினார்.

1962 செப்டம்பர் 27 ஆம் நாள் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. பறவைகள் பாடாத வசந்தம் என்பது கருத்து. அதை ஆப்பிரிக்காவில் மருத்துவத் தொண்டாற்றிய ஆல்பர்ட் ஷ்வைட்சருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். ரசாயன நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. வழக்குத் தொடுப்போம் என்ற மிரட்டலும் வந்தது. அவர் பெண் என்பதையும், மணமாகாதவர் என்பதையும்கூடச் சிலர் குறையாகச் சொன்னார்கள். மணம் புரியாமல் பிறர் குழந்தைகளுக்காகவே உழைக்கும் அருட்சகோதரிகளை நாள்தோறும் காணும் நமக்கு இந்த வாதம் சிரிப்பையே தருகிறது.

1963 ஏப்ரலில் தொலைக்காட்சியில் அவர் தோன்றவிருந்தார். ஐந்து விளம்பரதாரர்களில் மூவர் விலகிக் கொண்டனர், நிகழ்ச்சி நிற்கவில்லை. அவர் அமைதியாகப் பேசியதை லட்சக்கணக்கானோர் கேட்டனர். மே மாதம் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கூறியதைப் பெரிதும் ஒப்புக்கொண்டது. ஜூன் 4 ஆம் நாள் செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். சிகிச்சையால் முடி கொட்டியிருந்ததால் தலையில் பொய்முடி அணிந்திருந்தார்.

எல்லா மருந்துகளையும் ஒழிக்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. இதை அவரைக் குறை கூறுவோர் இன்றும் மறந்துவிடுகின்றனர். கண்மூடித்தனமாக வாரியிறைத்தால், கொசுக்களே மருந்திற்குப் பழகிவிடும் என்றும் எச்சரித்தார். மலட்டு ஆண் ஈக்களை வெளியே விட்டு, கால்நடைகளை வதைத்த ஒருவகைப் புழு ஈயைக் குராசோ தீவில் 1954 இல் ஒழித்ததைப் போன்ற வேறு வழிகளையும் எடுத்துக் காட்டினார். 1972 இல் அமெரிக்கா டி.டி.டி.யைப் பயிர்களுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது. 2001 இல் ஏற்பட்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த விலக்கு அளித்தது.

டென்வர் அருகிலிருந்த அந்த நச்சு நிலம் 1987 இல் நாட்டின் மிகக் கேடுற்ற இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. மாசடைந்த மண்ணைத் தோண்டியெடுத்து, மழைநீர் புகாத குழிகளில் மூடினார்கள். நிலத்தடி நீரை இறைத்து, நுண்துளைகள் நிறைந்த கரித்தூளின் வழியே செலுத்தி நஞ்சைப் பிடித்தார்கள். 2010 இல் துப்புரவுப் பணி முடிந்தபோது, 200 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. இப்போது அது வனவிலங்குகளின் புகலிடம். நீரைச் சுத்திகரிக்கும் வேலை மட்டும் இன்னும் ஓயவில்லை.

இவற்றையெல்லாம் காணக் கார்சன் அம்மையார் இல்லை. 1964 ஏப்ரல் 14 ஆம் நாள், தமது 56 ஆம் வயதில், சில்வர் ஸ்பிரிங் நகரிலிருந்த தம் வீட்டில் காலமானார். அஸ்தியில் ஒரு பகுதி தாயாரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. மற்றொரு பகுதியை அவருடைய உயிர்த்தோழி மெயின் கடலோரத்தில் தூவினார். 1980 இல் அமெரிக்க அரசு தன் நாட்டுக் குடிமக்களுக்கான மிக உயரிய பதக்கத்தை அவருக்கு அளித்தது. ஐந்து வயதில் அவர் கைப்பிடித்து வளர்த்த அந்தப் பிள்ளை, வளர்ந்த இளைஞனாக வந்து அதைப் பெற்றுக்கொண்டான்.