தி. விஜயராகவன்

திருக்கண்ணபுரம் விஜயராகவன் (நவம்பர் 30, 1902 - ஏப்ரல் 20, 1955) எண் கோட்பாட்டிலும் பகுவியலிலும் ஆய்வு செய்த இந்தியக் கணிதவியலாளர் ஆவார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய இராமானுஜன் கணித நிலையத்தின் முதல் இயக்குநர் இவரே.

கல்வியும் பணியும்

சென்னை மாநிலக் கல்லூரியில் கே. ஆனந்த ராவிடம் பயின்றார். 1920களின் நடுவில் ஆக்சுபோர்டு சென்று ஜி. எச். ஹார்டியுடன் ஆய்வு செய்தார். பின்னர் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆந்திரே வெயில் இவருடைய நண்பரானார். வெயிலின் பதவி பறிபோகும் நிலை ஏற்பட்டபோது அவ்விடத்தில் அமர மனமின்றி, அலிகாரை விட்டு டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். 1946-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

அடுக்கு வர்க்கமூலங்கள்

வர்க்கமூலத்திற்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கணக்கை இராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். இத்தகைய தொடர்கள் எப்பொழுது ஒரு திட்டமான மதிப்பை அடையும் என்ற கேள்விக்கு விஜயராகவன் விடை கண்டார். அவரது குறிப்பு 1927-இல் வெளிவந்த இராமானுஜன் ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பில் இடம்பெற்றது. உறுப்புகள் குறை எண்களாக இல்லாதபோது, முதல் உறுப்பு க², இரண்டாவது க⁴, மூன்றாவது க⁸ என்ற வரம்புகளை மீறாதபடி ஒரு மாறிலி க இருந்தால் மட்டுமே தொடர் ஒருங்கும் என்பது அவரது தேற்றம்.

எல்லா உறுப்புகளும் 2 ஆக உள்ள எளிய நிலையைப் பார்க்கலாம்: √2, √(2+√2), √(2+√(2+√2)), ... அதாவது 1.414, 1.848, 1.962, ... இதில் ஓர் உறுப்பு ய எனில் அடுத்தது √(ய+2). அடுத்தது பெரிதாக இருக்க, ய² − ய − 2 < 0 என்னும் இருபடி அசமன்பாடு நிறைவேற வேண்டும். இக்கோவையின் வரைபடம் மேல்நோக்கித் திறந்த பரவளையம். அது கிடை அச்சை −1, 2 ஆகிய புள்ளிகளில் வெட்டுகிறது. அவற்றிற்கு இடையில் அச்சுக்குக் கீழே அமைகிறது. எனவே ய 0-க்கும் 2-க்கும் இடையில் இருக்கும்வரை அடுத்த உறுப்பு பெரியது. மேலும் ய < 2 எனில் ய+2 < 4. ஆகவே அடுத்த உறுப்பும் 2-ஐ எட்டாது. இவ்வாறு ஏறிக்கொண்டே சென்றும் 2-ஐத் தாண்டாத இவ்வரிசையின் எல்லை 2 ஆகும்.

பிசோ-விஜயராகவன் எண்கள்

1-ஐ விடப் பெரிய ஓர் இயற்கணித முழு எண்ணின் மற்ற இணையெண்கள் யாவும் தனிமதிப்பில் 1-ஐ விடச் சிறியனவாக இருந்தால் அது பிசோ-விஜயராகவன் எண் எனப்படும். பொன் விகிதம் இதற்கு எடுத்துக்காட்டு. ய² − ய − 1 என்ற கோவையின் மதிப்பு −1-இல் 1, 1-இல் −1. எனவே அதன் வரைபடம் −1-க்கும் 1-க்கும் இடையில் ஒருமுறையும், 1-க்கு அப்பால் ஒருமுறையும் அச்சை வெட்டும். பெரிய மூலமே பொன் விகிதம். இவ்வெண்களின் அடுக்குகள் முழு எண்களை நெருங்கிக்கொண்டே செல்லும். பொன் விகிதத்தின் 10-ஆம் அடுக்கு ஏறக்குறைய 122.992.

இராமானுஜன் கணித நிலையம்

1950-இல் தொடங்கிய இந்நிலையத்தை விஜயராகவன் தம் இறுதிக்காலம் வரை வழிநடத்தினார். அவருக்குப் பின் சி. டி. இராஜகோபால் பொறுப்பேற்றார். 1957-இல் அழகப்பச் செட்டியார் மறைந்தபோது நிதியின்றி நிலையம் மூடப்படும் நிலை உருவாயிற்று. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் எடுத்துரைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்று நடத்தியது. 1967-இல் அது பல்கலைக்கழகக் கணிதத் துறையுடன் இணைந்து இராமானுஜன் கணித உயராய்வு நிலையம் ஆயிற்று.