குடும்பத்தில் கிடைத்த ஈமானியச் செல்வம்: இமாம் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

மதீனாவின் ஏழு பெரும் ஃபிக்ஹு மேதைகளுள் ஒருவர் இமாம் உர்வா (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 23ஆம் ஆண்டளவில் (கி.பி. 644) பிறந்தார்கள். தந்தை, சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவரான ஸுபைர் (ரலி). தாய், அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி). சிறிய தாயார், முஃமின்களின் அன்னை ஆயிஷா (ரலி). நபி (ஸல்) அவர்களைக் காணும் பேறு உர்வா அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆயினும், கண்டவர்கள் அவர்களின் குடும்பத்திலேயே இருந்தார்கள்.

ஸுபைர் (ரலி) அவர்களின் உடலில் பத்ரிலும் யர்மூக்கிலும் பட்ட வாள்வெட்டுத் தழும்புகள் ஆழமாக இருந்தன. சிறுவர் உர்வா அவற்றில் விரல்விட்டு விளையாடிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பத்ருப் போர் அவர்களுக்கு ஏட்டில் படித்த செய்தியன்று; தந்தையின் தோளில் தொட்டறிந்த செய்தி. அன்னை அஸ்மாவோ, தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்த தம் வறுமைக் காலத்தை மறைக்காமல் மகனிடம் எடுத்துரைத்தார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமோ உர்வா (ரஹ்) கேட்டுக் கேட்டுக் கற்றார்கள். இரண்டு மாதங்களில் மூன்று பிறைகள் தோன்றியும் நபியவர்களின் இல்லங்களில் அடுப்பு எரியாத நாட்களை அன்னை கூறியபோது, எதை உண்டு வாழ்ந்தீர்கள் என வினவினார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீருமே என்ற விடை கிடைத்தது. ஸஃபா, மர்வா பற்றிய இறைவசனத்திற்குத் தாம் கொண்ட பொருளையும் அன்னையிடம் கூறித் திருத்தம் பெற்றார்கள். ஹிஜ்ரி 58இல் அன்னை மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அவர்களிடமிருந்த ஹதீஸ்களை முழுமையாகப் பெற்றுவிட்ட மனநிறைவு உர்வா அவர்களுக்கு இருந்தது.

ஹிஜ்ரி 63இல் ஹர்ரா நிகழ்வின்போது தம் ஏடுகளை எரித்துவிட்டுப் பின்னர் அதற்காகப் பெரிதும் வருந்தினார்கள். எனினும் நெஞ்சில் இருந்தது அழியவில்லை. தம் மக்களை அழைத்து, இன்று சிறியவர்களாய் இருப்போர் நாளை ஒரு சமுதாயத்தின் பெரியவர்கள் ஆவார்கள், ஆகவே கற்றுக்கொள்ளுங்கள் என வலியுறுத்தினார்கள். மகனார் ஹிஷாம் (ரஹ்) தந்தை வழியாகப் பெற்ற எண்ணற்ற ஹதீஸ்களை உலகிற்கு அறிவித்தார்கள். முதல் வஹீ இறங்கிய வரலாறும் ஆயிஷா (ரலி), உர்வா, மாணவர் ஸுஹ்ரீ என்ற வழியிலேயே புகாரியை அடைந்தது.

முதுமையில் ஷாம் பயணத்தின்போது ஒரு காலை இழந்தார்கள். ஒரு மகனையும் இழந்தார்கள். எஞ்சியவற்றுக்காக இறைவனைப் புகழ்ந்த அந்தப் பொறுமையும் பிள்ளைகளுக்கு ஒரு பாடமாயிற்று. ஹிஜ்ரி 94ஆம் ஆண்டளவில் வஃபாத்தானார்கள்.

ஜமாஅத்தார்களே! நம் இல்லத்துப் பெரியவர்களிடமும் சொல்லப்படாத செய்திகள் உள்ளன. கப்பலேறி ஹஜ் செய்த நாட்கள், கடன் நெருக்கடியிலும் ஹராமைத் தொடாத உறுதி, கண்ணீருடன் கேட்ட துஆ ஏற்கப்பட்ட இரவு ஆகியவற்றை மக்ரிபுக்குப் பின் பேரப்பிள்ளைகளை அமரவைத்துக் கூறுங்கள். இளைஞர்களே! ஜனாஸா புறப்பட்ட பின் கேட்க இயலாது, இன்றே கேளுங்கள். வல்ல அல்லாஹ் நம் சந்ததியினரை ஈமானின் வாரிசுகளாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.