ஹோமி பாபா: நிலக்கரிக்கு மாற்றாக அணுவைப் பார்த்த விஞ்ஞானி... அவர் விட்டுச்சென்ற கணக்கு என்ன?

மின்சாரமும் வேணும், சுற்றுச்சூழலும் கெடக்கூடாது. அதுக்கு அணுமின்சாரம் தீர்வா? இந்த விவாதம் வரும்போதெல்லாம் தவிர்க்க முடியாத ஒரு பெயர், ஹோமி ஜஹாங்கீர் பாபா. யார் இவர்? என்ன திட்டம் போட்டார்?

இரும்பாலைக்குப் போகவேண்டியவர்

1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர் பாபா. இவரோட அத்தையை மணந்தவர் தோராப்ஜி டாடா. கேம்பிரிட்ஜில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்கு வரணும் என்பதுதான் வீட்டின் ஆசை. பாபாவுக்கோ மனசு முழுக்க இயற்பியல். வீட்டுக்காக இன்ஜினியரிங்கை நல்லபடியாக முடித்தார். பிறகு தன் விருப்பப்படி இயற்பியல் பக்கம் போய், காஸ்மிக் கதிர் ஆய்வில் பெயர் எடுத்தார்.

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். அந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமன் இருந்த இயற்பியல் துறையில் சேர்ந்தார்.

ஹிரோஷிமாவுக்கு முன்பே...

1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார் பாபா. இன்னும் 20 ஆண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் வரும், அப்போது நிபுணர்களைத் தேடி இந்தியா வெளிநாட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கும் முன்பே எழுதிய கடிதம் இது! அதன் பலனாக 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது.

1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார். 1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில் 'அப்சரா' ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது.

மூன்று கட்டத் திட்டம்னா என்ன?

இந்தியாவில் யுரேனியம் குறைவு. ஆனா கேரளா, தமிழ்நாடு கடற்கரை மணலில் தோரியம் ஏராளம். மணவாளக்குறிச்சி மணலிலும் இருக்கிறது. தோரியத்தை நேரடியாக எரிபொருளாக்க முடியாது. அதனால் பாபா போட்ட கணக்கு இதுதான்:

முதல் கட்டம்: இயற்கை யுரேனியத்தில் மின்சாரம். அதில் புளூட்டோனியம் கிடைக்கும்.

இரண்டாம் கட்டம்: அந்த புளூட்டோனியத்தை வைத்து, செலவழிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் ஈனுலைகள்.

மூன்றாம் கட்டம்: தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233 மூலம் மின்சாரம்.

அன்று சூழல் காரணம் இல்லை

பாபா அணுவைத் தேர்ந்தெடுத்தது புவி வெப்பமயமாதலுக்காக இல்லை. அன்று அப்படியொரு பேச்சே பெரிதாக இல்லை. நிலக்கரி கிழக்கே பீகார், வங்காளத்தில். ஆலைகளோ மேற்கே பம்பாயில். ரயிலில் கொண்டுவரும் செலவுதான் அவர் கணக்கு. தாராப்பூரில் அணுமின் நிலையம் வந்ததற்கும் அதுவே காரணம்.

அதேசமயம் ஓவியம், இசை, தோட்டம் என வாழ்ந்த மனிதர் அவர். கட்டடத்துக்கு இடையூறான பெரிய மரங்களை வெட்டவிடாமல், வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடவைத்தார்.

பாதியில் நின்ற பயணம்

1966 ஜனவரி 24. வியன்னாவில் நடக்கவிருந்த சர்வதேச அணுசக்தி முகமை கூட்டத்துக்குக் கிளம்பினார் பாபா. அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் உயிரிழந்தனர். பாபாவுக்கு வயது 56. தாராப்பூர் நிலையம் 1969-ல் மின்சாரம் தந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைய நிலை என்ன?

அவர் நினைத்த வேகத்தில் எதுவும் நடக்கவில்லை. இந்தியாவின் மின் உற்பத்தியில் அணுவின் பங்கு இன்றும் சுமார் 3 சதவீதம்தான். இரண்டாம் கட்டத்துக்கான கல்பாக்கம் 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கி, பலமுறை தாமதமானது.

இயங்கும் அணு உலை நிலக்கரி போல கார்பன் புகையைக் கக்குவதில்லை. அதுதான் இன்று அதன் பெரிய பலம். ஆனா கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாதுகாக்கணும். விபத்து பயமும் உண்டு. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு கூடங்குளத்தில் மீனவ மக்கள் போராடியது இதனால்தான். தோரியத்துக்காக மணல் அள்ளினால் கடற்கரை என்னாகும் என்ற கவலை குமரி மாவட்டத்தில் இருக்கிறது.

எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதற்கு பாபா கணக்கு போட்டுக் கொடுத்தார். கழிவு எங்கே போகும், உலையின் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு யார் பொறுப்பு என்பதற்கான கணக்கை, இப்போது இருப்பவர்கள்தான் போட்டாகணும்.