அட்டவணை கண்ட அறிஞர் காட்

கணினியில் ஒரு பெயரை எழுதிய மாத்திரத்தில், எண்ணிறந்த குறிப்புகளின் நடுவே மறைந்து கிடந்த ஒன்று நம் கண்முன் வந்து நிற்கின்றது. நாடோறும் காண்பதாதலின் நாம் அதனை வியப்பதில்லை. இவ்வாண்டு தமிழ் மாணாக்கராகிய நாமும் கணினி வகுப்பொன்றிற் புகுந்து, நூலகத்துக்குரிய வலைச்செயலி ஒன்றை ஆக்கப் பயின்றோம். அப்பொழுதே இவ்வசதிக்கு வித்திட்ட பெரியார் யாவர் என்னும் வினா நம் உள்ளத்தெழுந்தது. அவரே எட்கர் ஃபிராங்க் காட் என்பார்.

இவர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்லண்ட் தீவில் 1923-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிறந்தார். ஆக்ஸ்போர்டிற் கணிதமும் இரசாயனமும் கற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாயிருந்தார். 1948-ல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். கம்பெனியில் அமர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தி பலர்மீதும் ஐயங்கொண்டு அலைக்கழித்ததைச் சகியாது, 1953-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகட்குப்பின் மீண்டு, மிச்சிகன் சர்வகலாசாலையில் நாற்பது வயது கடந்த பின்னர் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்நாளில் கணினித் தரவுகள் மரக்கிளைகள்போல் அமைந்திருந்தன. வேண்டியது எந்தக் கிளையில், எவ்வழியில் உள்ளதென நிரல் எழுதுவோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அமைப்புச் சற்று மாறினும் நிரல் பழுதுறும். காட் 1970-ல் வெளியிட்ட கட்டுரையில், தரவனைத்தையும் வரிசையும் பத்தியும் உடைய எளிய அட்டவணைகளாக வகுக்கலாமென நிறுவினார். வேண்டுவது இன்னதென்று நாம் சொன்னாற் போதும். வழிதேடுவது இயந்திரத்தின் கடனாகும்.

எனினும், பழைய முறைச் சரக்கை விற்றுப் பொருளீட்டிவந்த அவருடைய கம்பெனியே புதிய கொள்கையை ஏற்கத் தயங்கிற்று. காட் சோர்ந்தாரில்லை, வாதித்தும் எழுதியும் அதனைப் பரப்பினார். அங்கேயே சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அட்டவணைகளை வினவுதற்குரிய மொழியை வகுத்தனர். அதுவே இன்று எஸ்.கியூ.எல். எனப்படுவது. ஆயினும் 1979-ல் ஆரக்கிள் என்னும் தரவுத்தளத்தை வேறொரு கம்பெனி விற்பனைக்குக் கொணர்ந்தது, ஐ.பி.எம். அதன் பின்னரே வந்தது. 1981-ல் காட் டியூரிங் பரிசு பெற்றார். பழஞ்சரக்குக்குப் புதுப்பெயர் சூட்டி விற்போர் பெருகவே, 1985-ல் உண்மையைச் சோதிக்கும் விதிகளை வெளியிட்டார்.

இவர் கொள்கையின் அருமையை நாம் பிழை செய்தே உணர்ந்தோம். முதன்முறை, நூல் இரவல் பெற்ற ஒவ்வொரு வரிசையிலும் மாணாக்கர் பெயரை எழுதி வைத்தோம். பின் ஒருவர் பெயரின் எழுத்துப்பிழையை ஓரிடத்தில் திருத்தினோம். ஏனைய வரிசைகள் அவ்வாறே நின்றன. ஒரே மாணாக்கர் இருவராயினார்! திருப்பித் தந்த நூலும் அவர் கணக்கில் நிலுவையாய் நின்றது. ஆசிரியர் காட்டிய வழியில், மாணாக்கர், நூல், இரவல் என மூன்று அட்டவணைகளாகப் பிரித்து, பெயருக்குப் பதிலாக எண்ணால் இணைத்தோம். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டுமென்னும் நெறி விளங்கிற்று.

2003-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி, தம் 79-ம் வயதில், காட் ஃபுளோரிடாவிற் காலமானார். நாம் அப்பொழுது பிறக்கவுமில்லை. எனினும் நம் நூலகச் செயலியின் ஒவ்வொரு வரிசையிலும் அவர் உழைப்பு நின்று உதவுகின்றது. தாம் கண்ட மெய்யைத் தம்மைச் சார்ந்தோரே மறுத்தபோதும் கைவிடாத அவ்வுறுதி, எத்துறை பயிலும் மாணாக்கர்க்கும் நல்வழி காட்டுவதாகுக.