முடிசூடாத அரசி மங்கம்மாள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஊஞ்சல் மண்டப விதானத்தில் அரசி ஒருவரின் உருவம் தீட்டப்பட்டுள்ளது. அம்மனின் செங்கோலை அர்ச்சகர் வழங்க, அந்த அரசி பணிவுடன் ஏற்கிறார். மதுரை நாயக்கர் மரபின் ஆட்சியைப் பதினேழு ஆண்டுகள் தாங்கிய மங்கம்மாளே அவர். செங்கோலை ஏந்திய கை அவருடையது. ஆயினும் அரசு அவருடையதன்று. கைக்குழந்தையாக இருந்த பேரனின் பெயரால் அவர் ஆண்டார். முடி சூடாமலேயே ஆண்ட அவரைத்தான், முடி சூடிய மன்னர் பலரையும் விட நாட்டு மக்கள் நெஞ்சில் நிறுத்திக்கொண்டனர். இதன் காரணத்தை அவர் வாழ்வே உரைக்கும்.

மங்கம்மாள் தளபதி துப்பாக்கி லிங்கம நாயக்கரின் மகள். 1659 முதல் 1682 வரை ஆண்ட சொக்கநாத நாயக்கரின் துணைவி. கணவரின் ஆட்சி வெற்றியில் தொடங்கித் தோல்வியில் முடிந்த ஒன்று. 1673-இல் தஞ்சையைக் கைப்பற்றிய சொக்கநாதர் சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதனை மராட்டியரிடம் இழந்தார். மைசூரார் வடமேற்கு நிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டனர். திருச்சிக் கோட்டைக்குள்ளேயே குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம்கான் மன்னரைக் கைதிபோல் வைத்திருந்த காலமும் வந்தது. ஓர் அரசு எப்படிச் சரிகிறது என்பதை அரண்மனையின் உள்ளிருந்தே கண்டவர் மங்கம்மாள். பின்னாளில் அவர் காட்டிய நிதானத்தின் வேர் அங்கேதான் உள்ளது எனலாம்.

1682-இல் சொக்கநாதர் மறைந்தார். உடன்கட்டை ஏறுதல் அரச குலத்துக்குப் பெருமையெனக் கருதப்பட்ட நாளில், பதினைந்து வயதளவே ஆன மகன் முத்துவீரப்பனுக்காக மங்கம்மாள் உயிர் வாழத் துணிந்தார். மகன் வீரன், இழந்த நிலங்களில் ஒரு பகுதியை மீட்டவன். ஔரங்கசீப்பின் காலணியை யானைமேல் ஏற்றி வந்து வணங்கச் சொன்னபோது, அவன் அதனைத் தன் காலில் அணிந்து காட்டினான் என்பது செவிவழிக் கதை. அந்த வீரத்தை 1689-இல் அம்மை நோய் கொண்டு சென்றது. அவன் மனைவி சின்ன முத்தம்மாள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. தீப்புகத் துடித்த மருமகளை வயிற்றுக் குழந்தையைக் காட்டித் தடுத்தார் மாமியார். குழந்தை பிறந்தது, ஆனால் தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். மூன்று மாதக் குழந்தையான விஜயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஆளும் பொறுப்பை மங்கம்மாள் ஏற்றார்.

அன்றைய தென்னாடு கொந்தளிப்பு மிகுந்தது. மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் 1690 முதல் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். எதிர்த்தால் நாடு எரியும் என்பதை அரசி அறிவார். மகன் காலணியை அவமதித்த அதே பேரரசுக்குத் தாய் திறை அனுப்பினார். இதனைக் கோழைமை என்பாரும் உளர். ஆனால் அவர் காத்து நின்றது தமக்கு உரிமையான பொருளை அன்று. வயது வராத ஒருவனின் உடைமையை. அடைக்கலப் பொருளைச் சூதாட்டத்தில் வைக்கும் உரிமை காவலருக்கு இல்லை. திறை கொடுத்தவர் அதற்குக் கைம்மாறாக மொகலாயர் துணையைப் பெற்று, தஞ்சை மராட்டியர் கவர்ந்திருந்த சில பகுதிகளை மீட்கவும் செய்தார்.

வாளெடுக்க வேண்டிய இடத்தில் அவர் தயங்கியதும் இல்லை. திறை மறுத்த திருவிதாங்கூர்மீது சென்ற முதற்படை அழிந்தபின், 1697-இல் தளவாய் நரசப்பையா தலைமையில் மீண்டும் படை சென்று வென்று திரும்பியது. 1700-இல் தஞ்சைப் படைகள் எல்லையில் சூறையாடியபோது, நரசப்பையா கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள் புகுந்தார். தஞ்சை அமைச்சர் பாலாஜி பண்டிதர் பெரும்பொருள் கொடுத்துச் சமாதானம் வேண்ட, போர் நின்றது.

அடுத்து நிகழ்ந்ததைப் பாரூர்ப் பகுதியினர் எளிதில் உணர்வர். நந்தி மலையில் பிறந்து கருநாடகம் கடந்து வரும் தென்பெண்ணையின் நீரால் ஏரி நிறையக் காண்போருக்கு, மேல்நாட்டில் ஆறு மறிக்கப்பட்டால் கீழ்நாட்டில் என்ன நேரும் என்று விளக்க வேண்டியதில்லை. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பினார். திருச்சியிலும் தஞ்சையிலும் வாய்க்கால்கள் வறண்டன. நேற்றுவரை ஒருவர் மண்ணை ஒருவர் மிதித்த இரு அரசுகளும் அணையை உடைக்க ஒன்றுசேர்ந்தன. படைகள் புறப்படும் முன்பே மேல்நாட்டில் பெய்த பெருமழையின் வெள்ளம் அணையை உடைத்துச் சென்றது. போரின்றியே காவிரி வந்தது. பகைவனோடும் நீருக்காகக் கைகோக்கலாம் என்ற அந்த முடிவு, வெள்ளம் முந்திக்கொண்டதால் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

அரசியின் கணிப்பு பிழைத்த இடமும் உண்டு. 1702-இல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதிமீது அவர் படை அனுப்பினார். சேதுபதி வென்றார், நரசப்பையா களத்தில் வீழ்ந்தார். மறவர் சீமை மதுரையின் பிடியிலிருந்து நிலையாக விலகியது. ஆட்சியின் வலக்கரம் ஒடிந்தது அன்றே.

சமயப் பூசல் மலிந்த அக்காலத்தில் அவர் கடைப்பிடித்த நடுநிலை போற்றத்தக்கது. வைணவ, சைவக் கோயில்களுக்குக் கொடை வழங்கியவர் 1701-இல் திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் நிலம் அளித்தார். இயேசு சபைத் துறவி பூஷே அடிகள் அவரது அவையில் மதிப்புடன் வரவேற்கப்பட்டார். பட்டு நெய்யும் சௌராட்டிர மக்கள் தம் சமயச் சடங்குகளைச் செய்யும் உரிமை கேள்விக்குள்ளானபோது, அறிஞர்களை ஆராயச் செய்து, அவர்களுக்கு அந்த உரிமை உண்டென 1705-இல் சாசனம் அளித்தார்.

எனினும் மக்கள் நினைவில் நிற்பது போரும் சாசனமும் அல்ல, சாலைகளே. மதுரையிலிருந்து தெற்கே நீளும் பெருவழி, அதன் இருமருங்கும் நின்ற நிழல்மரங்கள், கிணறுகள், தண்ணீர்ப்பந்தல்கள், வழிப்போக்கர் பசியாறும் சத்திரங்கள் ஆகியவை அவர் பெயரைச் சுமந்தன. தென் மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. ஒருநாள் மறதியாக இடக்கையால் வெற்றிலையை வாயிலிட்டதற்குக் கழுவாயாகவே இத்தனை அறங்களையும் செய்தார் என்பது மக்கள் வழக்கு. இவ்வளவு பெரிய அறத்துக்கு இவ்வளவு சிறிய பிழையைக் காரணமாக்கிய கற்பனையில் அன்பும் இருக்கிறது; பெண்ணின் கொடைக்குப் பின்னால் ஒரு குற்றத்தைத் தேடும் பழக்கமும் இருக்கிறது. அமைச்சர் அச்சையாவோடு அவரை இணைத்துப் பேசிய வதந்தியும் அதே பழக்கத்தின் விளைவே. கைம்பெண் ஒருத்தி நாடாளலாம். நாவுகளை ஆள இயலாது.

பேரன் வளர்ந்தான். பொறுப்பை ஒப்படைக்கும் வேளை பூசலாக மாறியது. 1706-இல் மங்கம்மாளின் வாழ்வு முடிந்தது. அரண்மனையில் சிறைவைக்கப்பட்டு, கண்ணெதிரே உணவிருந்தும் எட்டாமல் பட்டினியால் மாண்டார் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். ஊருக்கெல்லாம் சோறிட்டவர் சோறின்றி மடிந்தார் என்ற அந்தக் கதையில், அவருக்கு நேர்ந்த அநீதியை மறக்க மறுத்த நாட்டின் மனச்சான்று பேசுகிறது.

விஜயரங்கன் 1732 வரை ஆண்டான். திருத்தலப் பயணங்களிலும் கொடைகளிலும் ஊன்றிய மனம் ஆட்சியில் ஊன்றவில்லை. குழந்தைக்காக நாட்டைக் காத்த பாட்டியால் நாட்டுக்காக அக்குழந்தையை உருவாக்க இயலவில்லை என்பதே அவர் வாழ்வின் பெருந்துயரம். விஜயரங்கனின் மனைவி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பேற்று, சந்தாசாகிப்பை நம்பி ஏமாந்தபோது, 1736 அளவில் மரபே முடிவுற்றது. மங்கம்மாள் மறைந்து முப்பது ஆண்டுகளே கடந்திருந்தன.

அவர் வேனிலில் தங்கிய தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்குகிறது. முடிசூடியவரின் அரியணை எங்கே போயிற்றென்று கேட்பாரில்லை. சாலையில் நடப்பவரும் சத்திரத்து வாயிலைக் கடப்பவரும் முடிசூடாதவரின் பெயரை இன்றும் சொல்லிச் செல்கின்றனர்.