பனோரமா கண்ட இராபர்ட் பார்க்கர்

நாற்றிசையும் சூழ்ந்த நிலக்காட்சியை ஒரே படத்தில் அடக்குதல் அரிது. சுற்றிலும் காண்பதைத் தட்டையான தாளில் விரித்தால் ஏதேனும் ஒன்று கோணிப்போதல் இயல்பு. இவ்வருமையை எதிர்நின்று வென்றவர் இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர்.

இவர் 1739-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்துக் கெல்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். பின்னர் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரை யடைந்து, மக்களின் உருவங்களை வரைந்து கொடுத்து வாழ்ந்துவந்தார். அந்நகரத்துக் கால்ட்டன் குன்றின்மீது உலாவுகையில், தம்மைச் சூழ்ந்த காட்சி முழுவதையும் வரைந்தாலென்ன என்னும் எண்ணம் அவருள்ளத்தே எழுந்தது என்பர். ஒரே நிலையில் நின்று, ஒரு சட்டத்தைப் படிப்படியாகத் திருப்பி, அதனூடே கண்டவற்றைத் தனித்தனியே வரைந்து இணைத்தனர். இளஞ்சிறுவனாகிய மகன் ஹென்றி தந்தைக்குத் துணைநின்றான்.

ஆயினும், இணைத்த சீலையை வட்டமாக நிறுத்தினால், நேராக வரைந்த தெருக்களும் கூரை விளிம்புகளும் காண்பார் கண்ணுக்கு வளைந்து தோன்றும். ஆகவே பார்க்கர் அவற்றை வேண்டுமென்றே வளைத்து வரைந்தார். நடுவில் நிற்பார்க்கு அவ்வளைவே நேர்கோடாயிற்று. இம்முறைக்கு 1787-இல் காப்புரிமையும் பெற்றார்.

புதுமைக்கு எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. ஓவியர் தலைவராய் விளங்கிய சர் ஜோஷுவா ரெய்னால்ட்ஸ், இது கைகூடாதென முதலிற் கருதினார்; பின்னர் நேரிற் கண்டு பாராட்டினார் என்ப. 1789-இல் இலண்டனிற் காட்டிய எடின்பரோப் படம் பெருவரவேற்பைப் பெறவில்லை. பார்க்கர் உளந்தளராது, ஆல்பியன் ஆலையின் கூரைமீதிருந்து காணும் இலண்டன் நகரையே அடுத்த படமாக்கினார். முழுக்காட்சி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆகிய பனோரமா என்னும் பெயர் அதன்பின் நிலைத்தது. 1793-இல் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கெனவே வட்ட மண்டபம் ஒன்று எழுந்தது. இருண்ட வழியாகச் சென்று நடுமேடை யேறுவோர், மேலிருந்து விழும் ஒளியில் வேறோர் உலகத்தைக் கண்டனர். பார்க்கர் 1806-இல் காலமானார்.

அவர் கண்ட உண்மை அவரோடு மறையவில்லை. 1845-இல் மார்ட்டென்ஸ் என்பார், வளைந்த தகட்டின்மேல் வில்லையைச் சுழற்றிப் பாரிஸ் நகரை நிழற்படமாக்கினார். இக்காலத்தார் கணிப்பொறியின் துணைகொண்டு சுற்றுக்காட்சியை நீள்பட்டையாகவும், மரமும் மாடமும் புறம் நோக்கி நிற்கும் சிறு கோளமாகவும் மாற்றி மகிழ்கின்றனர். ஒன்றில் கோடு வளையும். மற்றொன்றில் அளவு மாறும். குறையற்ற விரிப்பு எதுவுமில்லை.

1865-இல் அம்மண்டபம் கிறிஸ்தவக் குருமார் கைக்கு வந்து தேவாலயமாயிற்று. 1940-இல் குண்டுவீச்சாற் சிதைந்து மீண்டும் கட்டப்பெற்றும், அதன் வட்ட வடிவம் மாறவில்லை. வளைந்ததெல்லாம் பிழையன்று, நிற்குமிடம் அறிந்து நோக்கின் அது நேராகும் என்பதே பார்க்கரின் வாழ்வு நமக்குக் காட்டும் உண்மையாகும்.