ஏரி வெட்டிய இளவரசர்
(இராஜாதித்தர் சரித்திரச் சுருக்கம்)

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி விடியுமுன், பெஞ்சல் புயல் மழையால் நிறைந்த சாத்தனூர் அணையினின்றும் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் விடப்பட்டதையும், அவ்வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களுட் புகுந்து பயிரையும் மனையையும் மூழ்குவித்ததையும் நம் சங்கத்து அன்பர்கள் மறந்திரார். நெல்லும் கரும்பும் நீருட் கிடக்கக் கண்ட அதே குடும்பங்கள் கோடை வந்ததும் குழாய்க் கிணற்றில் நீர் கீழிறங்கிற்றென்று வருந்துவதும் நாம் அறிந்ததே. பெருகும் நாளில் அந்நீரைத் தாங்கிக்கொள்ள இடம் வைத்திருந்தால், வெள்ளமும் தணியும், கிணறும் ஊறும். இவ்விரண்டையும் ஒரே வேலையாக முடித்துக் காட்டியவரென்று நம் நாட்டார் வழிவழியாகப் போற்றிவரும் ஓர் அரசகுமாரரின் சரித்திரத்தை இம்மாதம் எழுதப் புகுகின்றோம். அவர் நமக்கு அயலார் அல்லர்; நம் பெண்ணைக் கரையிலேயே பாசறை கொண்டு வாழ்ந்தவர்.

907 முதல் 955 வரை அரசாண்ட முதற் பராந்தக சோழருக்குக் கோக்கிழானடிகள் என்னும் தேவியார் வயிற்றில் உதித்த மூத்த குமாரர் இராஜாதித்தர். அக்காலத்துச் சோழ ராஜ்யத்திற்கு ஆபத்து வடமேற்கினின்றே வருவதாயிருந்தது. இராஷ்டிரகூட மன்னர் படையெடுப்பரென்று எதிர்பார்த்த பராந்தகர், அவ்வழியைக் காக்கும் பொருட்டுத் தம் பட்டத்து இளவரசரைப் பெருஞ்சேனையுடன் திருமுனைப்பாடி நாட்டிற்கு அனுப்பினார். சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த திருநாவலூரே அவருக்கு இருப்பிடமாயிற்று. அதனால் அவ்வூருக்கு இராஜாதித்தபுரம் என்றும் பெயர் வழங்கிற்று. அவருடைய சேனையில் மலையாள வீரர் பலர் இருந்தனர். அவர்களுள் தலைமை பெற்ற வெள்ளங்குமரன் என்பார், 943-இல், பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் தலத்திற் சிவாலயத்தைக் கற்றளியாக எடுப்பித்தார்.

படை வந்து இறங்கிவிட்டது, பகைவர் வரக்காணோம். ஒரு மாதமன்று, ஒரு வருஷமன்று, பல வருஷங்கள் இவ்வாறு கழிந்தன. ஆயிரக்கணக்கான வீரரைச் சோறிட்டு வாளா வைத்திருத்தல் எந்த அரசுக்கும் பெருஞ்சுமை. கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு வீணே கடலிற் கலப்பதைக் கண்ட இளவரசர், அப்படைவீரர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து ஒரு பேரேரியை வெட்டுவித்து, அதற்குத் தந்தையாரின் விருதுப்பெயராகிய வீரநாராயணன் என்பதையே சூட்டினாரென்பது வழிவழிச் செய்தி. கல்கி அவர்களின் பொன்னியின் செல்வனால் இச்செய்தி வீடுதோறும் பரவிற்று. அப்பெயரே மக்கள் வாயில் வீராணம் எனக் குறுகியது.

அவ்வேரியின் அமைப்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நம் ஊராருக்குப் பயன்படுவது அதுவே. காட்டுமன்னார்கோயிலை அடுத்துத் தெற்கு வடக்காகச் சுமார் 16 கிலோமீட்டர் நீளம் கிடக்கின்றது அந்நீர்நிலை. மேற்கே மேட்டுநிலம், கிழக்கே தாழ்ந்த வயல்வெளி. மேட்டுநிலத்து மழைநீரைச் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொண்டுவருகின்றன. கரையில்லையேல் அந்நீர் கீழ்த்திசை வயல்களின்மேற் பாய்ந்து ஓடிவிடும். நெடுங்கரை குறுக்கே நின்று அதனை ஏந்திக்கொள்கின்றது. மழை குறைந்த காலத்தும் வறளாதபடி கொள்ளிடத்து நீரை வடவாறு கொண்டுவந்து சேர்க்கின்றது. 1836-இல் கீழணை கட்டப்பட்டபின் வடவாற்றின் தலைப்பு அவ்வணையிலேயே அமைந்தது. ஏந்திய நீரை மதகுகள் வழியே சிறுகச் சிறுக விடுவதால் ஏறக்குறைய 45,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகின்றது. மிகுந்த நீரை வெள்ளியங்கால் ஓடையிலும், சேத்தியாத்தோப்புப் பக்கமாக வெள்ளாற்றிலும் வடிப்பதற்கு வழியிருக்கின்றது. தேங்கிய நீர் மண்ணுள் இறங்கிக் கரையின் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் ஊறுவதோ கணக்கில் எழுதப்படாத வருமானம்.

இவ்வளவு கூறியதனால் ஒரு பேரேரி இருந்தாற் போதும் என்று அன்பர்கள் கருதிவிடலாகாது. வீராணத்தின் கொள்ளளவு 146.5 கோடி கன அடி. மேலே சொன்ன டிசம்பர் வெள்ளம் அதனுட் பாய்ந்திருந்தால் இரண்டரை மணி நேரத்திற்குள் அது நிரம்பிப்போயிருக்கும்! பெருமழை நாளில் வெள்ளியங்கால் ஓடையிற் திறக்கும் நீரே காட்டுமன்னார்கோயில் வட்டத்து வயல்களை மூழ்குவிப்பதும் உண்டு. ஆகவே கடைசியில் நிற்கும் ஊர் தன் கரையை மட்டும் உயர்த்திக்கொள்ளுதல் முடிந்த முடிபன்று. ஓர் ஆற்றிற்கு நீர் தரும் நிலம் முழுவதையும் ஒரே படமாக வரைந்து பார்க்கவேண்டும். மேட்டில் விழும் மழையை அங்கங்கே வரப்பாலும் குட்டையாலும் நிறுத்துதல். ஓடைகளிற் சிறு தடுப்பணை இடுதல். மேலேரியின் கலங்கல் நீர் கீழேரிக்கு வரத்தாகும்படி வாய்க்காலைத் திறந்து வைத்தல். ஆற்றின் மணலைக் காத்தல். இவ்வரிசையில் மேலிருந்து கீழாக வேலை நடந்தாலன்றிக் கீழூரில் வெள்ளம் தணியாது. மணலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை: ஆற்று மணலே நமக்கு அடியிலுள்ள பெரிய ஏரி. அதனை வண்டி வண்டியாய் அள்ளி விற்றவர்கள் நம் கிணற்று நீரையும் சேர்த்தே விற்றார்கள் என்பது எமது அபிப்பிராயம்.

இனி இளவரசரின் முடிவு. எதிர்பார்த்த போர் 949-இல் தக்கோலத்தில் நேர்ந்தது. இராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணரும் அவருக்குத் துணையாக வந்த கங்கமன்னர் பூதுகரும் ஒருபுறம்; இராஜாதித்தர் மறுபுறம். யானைமீதிருந்து பொருத அவர் அம்புபட்டு அங்கேயே உயிர் நீத்தார். யானைமேல் துஞ்சிய தேவர் என்று பின்னோர் அவரைக் குறித்தனர். அரியணை ஏறுமுன்னரே மாண்டார்; தந்தையாரோ மகனை இழந்த துயருடன் சில ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். கோயிலெடுத்த வெள்ளங்குமரன் அப்போரில் தம் தலைவரோடு உடன் மாளும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்று மனங்கசந்து, கங்கையாடித் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் திருவொற்றியூரில் மடத்தலைவராய் விளங்கினார். அவ்வூர்க் கல்வெட்டு இவ்வரலாற்றைக் கூறுகின்றது. ஒரு தலைவரிடம் இத்துணை அன்பு கொண்ட படைவீரர், அவர் சொல்லுக்காக மண் சுமந்தனரென்பதில் வியப்பென்ன?

தக்கோலத்திற்குப் பின் நம் நாடு வென்றவர் கைப்பட்டது. பாகூர்க் கோயிற் கல்வெட்டுக்களிலேயே கன்னரதேவர் என்று கிருஷ்ணரின் பெயர் காணப்படுகின்றது. அதற்கும் முற்பட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவர் காலத்திலே வாகூர் என்ற பெயருடன் வித்தியாஸ்தானம் நடத்திய ஊர் இது. பல்லவர் போயினர், சோழர் போயினர், பிரெஞ்சுக்காரரும் போயினர். பாகூர் ஏரியும், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணை நீரைக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலும் நம்மிடம் இருக்கின்றன. அவ்வாய்க்காலின் பெயரே பங்காரி, சிங்காரி என்னும் சகோதரிகளின் கதையை நினைப்பூட்டுவது. 1870-களின் இறுதியிற் புதுச்சேரியில் இறக்கிய ஆழ்குழாய்களில் நீர் தானே மேலெழுந்து வழிந்ததென்று அறிகின்றோம். இன்றோ மின்சார மோட்டார் இல்லாமல் ஒரு குடம் நீர் ஏறுவதில்லை. குழாய்க் கிணறு வந்தபின் ஏரியை நாம் மறந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1999 தொடங்கிப் புதுவைப் பகுதியின் 84 ஏரிகள் செப்பனிடப்பட்டபோது சங்கங்கள் பல எழுந்தன. அவற்றுட் சில இன்றும் நடக்கின்றன. சில பெயரளவில் நிற்கின்றன.

எமது குருவிநத்தம் அங்கத்தினர் சிலர், ஐப்பசி மழைக்கு முன் தம் வயலை ஒட்டிய கிளை வாய்க்காலைத் தாமே தூர்வாரிவிடுவதென்று தீர்மானித்து, வீட்டுக்கு ஓர் ஆள் எனப் பெயர் எழுதிக்கொண்டிருக்கின்றனர். கூலியோ ஆளோ எது தர இயலுமோ அதனை ஆடி மாதத்திற்குள் சங்கக் காரியதரிசியிடம் தெரிவிக்கலாம்.